பிள்ளையார் பாட்டுக்கு முந்திய தட்டு

திருத்தங்கல் அச்சாபீஸ் வாசலைத் தாண்டி நான் நடக்கத் தொடங்கியபோது சட்டையெல்லாம் மை வாடையாக இருந்தது; ஈரத்துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்த இசைத்தட்டுகளின் குளிர்ச்சி விலாவில் ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்து வெயிலில் தட்டைக் கொண்டுபோகிறவன் பச்சைப்பிள்ளையைத் தூக்கிப்போவதுபோலத்தான் போக வேண்டும், கொஞ்சம் அசந்தால் அப்பளமாக நெளிந்துவிடும். பின்னால் சூப்பர்வைசர் கேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: "ஏலே, காலண்டர் சீசன்ல லோடு ஏத்தாம எங்கலே போறே? அதுல தோசையா சுடப் போறே?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் வேலையை விட்டவன் நான். திருப்பூர், பம்பாய், கோவா என்று சுற்றி, ஓட்டலில் தட்டுக் கழுவி, லாரியில் மூட்டை ஏற்றி, ஐம்பது வயதுக்கு மேல் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தவனுக்கு ஒரு அச்சாபீஸ் போனால் இன்னொன்று.

அந்த அச்சாபீஸில் ஒரு காலத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடித்தார்கள். லேபிளுக்குப் படம் வேண்டும் என்றால் வெளிநாட்டுப் பத்திரிகையோ பிஸ்கட் டப்பாவோ இசைத்தட்டு உறையோ, கிடைத்ததைப் பார்த்து வரைந்துகொள்வார்கள். அப்படி வாங்கிப்போட்ட தட்டுகள் குடோன் மூலையில் கிடந்தன. குடோனை ஒழிக்கச் சொன்ன அன்று ஒரு கட்டைப் பிரித்தேன். முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் கிடாரோடு நிற்கும் உறைகளுக்கு அடியில், கறுப்பு மனிதர் ஒருவர் பின்னால் வளைந்து பித்தளைக் குழல் ஊதும் உறை ஒன்று இருந்தது. அந்த உறையை நான் பார்த்ததில்லை. உள்ளே இருந்த தட்டை உருவினேன். நடுவில் மஞ்சள் காகிதம், அதில் ஒரு வெள்ளைப் பறவை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனால் அந்தப் பறவையைத் தெரியும்.

மல்லாங்கிணற்றில் என் அப்பாவிடம் 'ரேடியோ செட்டு' இருந்தது. ஆம்ப்ளிஃபயர், தட்டு ஓடும் பெட்டி, மரத்தில் கட்டும் ஒலிபெருக்கிக் குழாய்கள், வயர்ச் சுருள் எல்லாம் சேர்ந்ததுதான் செட்டு. கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல் எதுவானாலும் 'ரேடியோ செட்டு மாரியப்பனைக் கூப்பிடு' என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விசேஷத்துக்குக் குழாய் கட்டிவிட்டால் அதிலிருந்து வரும் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாக இருக்க வேண்டும். ஆனால் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏதாவது ஓடியாக வேண்டுமே. சினிமாப் பாட்டுப் போட்டால் குற்றம். பிள்ளையார் பாட்டையே போட்டு அது பாதியில் கரகரத்தால் அதைவிடப் பெரிய குற்றம். இதற்கு அப்பா கண்டுபிடித்த வழி, பாட்டுக் கணக்கிலேயே வராத தட்டு.

அந்தத் தட்டுகள் விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்த ஒரு ராவுத்தர் வீட்டிலிருந்து வந்தவை. அந்த வீட்டின் மூத்தவர் பினாங்கில் கடை வைத்திருந்து, திரும்பும்போது ஒரு பெட்டி நிறையத் தட்டு கொண்டுவந்தவர். அவர் பக்கவாதம் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டை ஒழித்த தம்பி, "மாரியப்பா, இதுல பாட்டே இல்ல, வெறும் இரைச்சல். உனக்கு ஆகுமான்னு பாரு" என்று உறைகூட இல்லாமல் சாக்கோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு ஆனது. குழாய் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க 'கிடார் தட்டு'. சத்தம் கடைசித் தெருவரை தெளிவாகப் போகிறதா என்று பார்க்க 'குழல் தட்டு', அதுதான் மஞ்சள் காகிதத்து வெள்ளைப் பறவை. சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் முள்ளைத் தூக்கிவிடுவார், பிள்ளையார் பாட்டு தொடங்கும். அதனால் எங்கள் ஊருக்கே அந்தக் குழலின் ஆரம்பம் மட்டும் மனப்பாடம். தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் கைவேலையோடு அதை முனகுவார்கள், நாங்கள் தெருவில் ஆடுவோம். ஆனால் யாரும் அதைப் பாட்டு என்று சொன்னதில்லை. அதற்குப் பெயர் 'சோதனை'. சோதனை சீக்கிரம் முடிந்தால் நல்ல செட்டு, நீண்டால் கெட்ட செட்டு. "நம்ம சோதனை வெத்தல போடுற நேரந்தான்" என்பது அப்பாவின் பெருமை. வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் முள் தூக்கப்பட்டிருக்கும்.

அந்த வருஷம் மாரியம்மன் பொங்கலுக்கு வழக்கம்போல அப்பாவுக்குத்தான் ஆர்டர். பொங்கலுக்கு வரும் பக்கத்து ஊர்க்காரர்கள் செட்டைக் கேட்டுவிட்டுத்தான் தங்கள் ஊருக்குச் சொல்வார்கள். அதாவது அந்தப் பொங்கலை வைத்துத்தான் எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதித்தது. சாயங்கால வெயிலில் அப்பா குழல் தட்டை ஓடவிட்டார். அப்போது காரியாபட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு கார் டீக்கடை முன்னால் நின்றது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு இளம்பெண் இறங்கி, ஒரு பெரியவரைத் தாங்கி இறக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தார். பினாங்குக்காரர். வலது கை செத்துத் தொங்கியது, பேச்சும் இல்லை. அந்தப் பெண் அவர் மகள், நூர்ஜஹான். அவர் என் அப்பாவிடம் ஓடிவந்தார்.

"அண்ணே, நிப்பாட்டிராதீக. எங்க அத்தா தட்டு இது. வீட்டுக்கு வந்ததுலேருந்து தேடிக்கிட்டு இருக்காக."

முள்ளைத் தூக்கப்போன அப்பாவின் கை நின்றுவிட்டது. நாங்கள் கேட்டேயிராத இடத்துக்குள் குழல் போனது. பெரியவர் இடது கையால் தொடையில் தாளம் போட்டார், பாட்டுக்கு ஒரு பொட்டு முன்னால். அடுத்து என்ன வரப்போகிறது என்பதை அந்தக் கையைப் பார்த்தே நாங்கள் தெரிந்துகொண்டோம்.

ஊர்த்தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். "என்னப்பா மாரியப்பா, இன்னுமா சரியாகல?"

பாட்டுத்தான் போட்டிருக்கிறேன் என்று சொன்னால், பிள்ளையாருக்கு முன்னால் பாட்டுப் போட்ட குற்றம். அதுவும் யாருக்காகப் போட்டான் என்ற பேச்சு வரும். அப்பா பெரியவரை ஒருமுறை பார்த்தார்.

"ஆமாண்ணாச்சி, வயர்ல ஏதோ கோளாறு. பாத்துக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்துக் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கோளாறும் இல்லாத செட்டில் ஒரு திருகாணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஊர் சும்மா இருக்குமா?

"கொளாய்க்குச் சளி பிடிச்சிருச்சு, கசாயம் குடுங்கப்பா!"

"மாரியப்பன் வெத்தலைய நட்டுல்ல வளத்துக்கிட்டு இருக்காரு!"

அப்பா நிமிரவில்லை. அந்தப் பக்கம் முழுதும் ஓடி முடிந்தது. அப்பா தட்டை எடுத்து வேட்டியில் துடைத்துப் பெரியவரிடம் நீட்டினார். அவர் இடது கையால் அதைத் திருப்பித் தள்ளி, மரத்துக் குழாயைக் காட்டினார். கார் போய்விட்டது. பிறகு வந்த பிள்ளையார் பாட்டு வெண்கலம் மாதிரி ஒலித்தது, ஆனால் ஊருக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். "கோவிச்சுக்கிடாத மாரியப்பா. சாமி காரியம், நடுவுல நின்னுட்டா என்ன செய்ய? அருப்புக்கோட்டையிலருந்து கேசட் செட்டு சொல்லிட்டோம்."

"நீங்க சொல்றது நியாயந்தாண்ணாச்சி" என்றார் அப்பா.

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "உள்ளதச் சொன்னா என்ன? வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்?"

"சொன்னா அந்த மனுசன் கேட்டது குத்தமாயிரும்ல" என்றார் அப்பா. "செட்டு கெட்டதாவே இருந்துட்டுப் போகட்டும்."

பக்கத்து ஊர் ஆர்டர்களும் ஒவ்வொன்றாக நின்றன. செட்டு துண்டு துண்டாக விலைபோனது, தட்டுகளும் அதோடு போயின. பம்பாய் ஓட்டலில் வேலை பார்த்தபோதுதான், அதன் பெயர் ஜாஸ் என்றும் உலகத்தில் அதை உட்கார்ந்து கேட்கிறவர்கள் உண்டு என்றும் தெரிந்தது. கேட்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் தெருவில் ஆடுமாடுகூடக் கேட்ட சங்கதி இது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன்.

திருத்தங்கலிலிருந்து பஸ் பிடித்து விருதுநகர் பஜாருக்குப் பின்னால் இருக்கிற அந்த ராவுத்தர் வீட்டுக்குப் போனேன். நூர்ஜஹான் அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மாரியப்பன் மகன் என்றதும் "வாங்க, வாங்க" என்று எழுந்துவிட்டார். இப்போது இளவட்டங்கள் பழைய தட்டுகளைத் தேடி அலைகிறார்கள் அல்லவா, அவர் மகனும் புதிதாக ஒரு தட்டுப் பெட்டி வாங்கி வைத்திருந்தான். அக்காவே முள்ளை வைத்தார். பிறகு தட்டைப் புரட்டிப் போட்டார். அந்தப் பக்கத்தை அக்காவும் கேட்டதில்லையாம்.

இன்று எங்கள் ஊர்ப் பொங்கலில் மரத்தில் குழாய் கிடையாது. லாரி அளவுக்கு அடுக்கிய பெட்டிகளும் பென்டிரைவும் வந்துவிட்டன. சோதனை என்று ஒன்று இருந்ததே சின்னவர்களுக்குத் தெரியாது.

"செட்டு அன்னைக்கு அம்புட்டு நல்லா இருந்துச்சே, வயர்ல கோளாறுன்னு எதுக்குச் சொன்னாக?" என்று அக்கா கேட்டார். சொன்னேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்புறம் என்ன செஞ்சீக?" என்றார்.

அந்தப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்தது. தினமும் அதில் போகிற அம்மாவுக்குப் பின்னால் நானும் ஏறினேன். எட்டாம் வகுப்பு அத்தோடு சரி. "ஏலே, உங்க அய்யா செட்டுக்கு என்னலே ஆச்சு?" என்று ஒரு அக்கா கேட்டதும் பஸ்ஸே சிரித்தது. "வயர்ல கோளாறுக்கா" என்றேன், தலையைக் குனியாமல். ஆபீஸில் கணக்கப்பிள்ளை குச்சி அடுக்குகிற சட்டத்தைக் கையில் கொடுத்து, ஜன்னலோரம் இடம் காட்டினார். உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்தேன்.