புரொப்பெல்லருக்குப் போட்ட மாலை

என் அண்ணன் அமல் பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஸ்கூட்டர் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தான். எந்த வண்டி வந்தாலும் முதலில் குனிந்து முகர்வான், முகத்தைச் சுளிப்பான், பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவான். பிசுக்கு, பொய், ஆறிப்போன டீ எல்லாமே அவனுக்கு அருவருப்பு. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கிடந்த நான், தொண்ணூற்றெட்டில் ஆயுதபூஜை முடிந்த வாரம், படகு மோட்டார் பார்க்கக் கிளம்பியவனோடு தொற்றிக்கொண்டேன்.

படகுச் சவாரி நடத்தும் ஏரி அது. சுற்றியிருந்த தெருக்களின் சாக்கடையெல்லாம் அதில்தான் இறங்கியது. கரையோரம் பச்சை நுரை, செத்த மீன், கோழி இறகு. மூக்கைப் பொத்தினால் நாற்றம் வாய் வழியாக வந்தது. மோட்டார் படகின் பின்னால் தண்ணீரில் எண்ணெய் பளபளவென்று படர்ந்திருந்தது.

மேனேஜர் கஸ்தூரிரங்கன் டிக்கெட் அறையிலிருந்து இறங்கி வந்தார். "மோட்டார் எண்ணெய் ஒழுகுது. நோயல் கல்லுல மோதியிருக்கான். கேட்டா இல்லைங்கறான். மோதினதுதான்னு நீங்க சொல்லிட்டா இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுவேன்."

படகோட்டி நோயல் பக்கத்திலேயே நின்றிருந்தான். "மாதா மேல சத்தியமா மோதலைண்ணா."

"மாதாவை விடு. மோட்டாரைத் தூக்கு," என்றான் அமல்.

மோட்டாரைக் கழற்றி மரச் சட்டத்தில் மாட்டினார்கள். அமல் அதன் அடிப்பகுதியைப் பெட்ரோல் துணியால் துடைத்து, முகப்பவுடரைத் தூவினான்.

"மேக்கப்பா?" என்றார் மேனேஜர்.

"எங்க ஒழுகுதோ அங்க பவுடர் நனையும் சார்."

புரொப்பெல்லர் சுழலும் தண்டைச் சுற்றி மட்டும் பவுடர் கறுத்தது. அடித் திருகைக் கழற்றினான். கியர் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில், அழுகிய முட்டை நாற்றத்தோடு கொழகொழவென்று இறங்கியது.

"எண்ணெய் வெளிய, சாக்கடை உள்ள," என்றவன் புரொப்பெல்லரின் விளிம்பை விரலால் தடவினான். "ஒரு சொட்டை இல்ல. கல்லுல மோதியிருந்தா பல்லு போன வாய் மாதிரி இருக்கும்."

அடுத்து புரொப்பெல்லரையே கழற்றினான். பின்னால் தண்டில் கறுப்பாக ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. குறடால் பிடித்து இழுத்தான். பாசியும் சளியுமாக நைலான் நூல் வந்தது. நூலில் ரோஸ் நிற ஜரிகை.

நோயலின் முகம் வெளுத்தது. "பூஜையன்னிக்கு மோட்டாருக்கு சார் போட்ட மாலைண்ணா. கழட்டிட்டு ஸ்டார்ட் பண்றேன்னேன். சாமிக்குப் போட்டதைக் கழட்டக் கூடாது, தானா உதிரும்னாரு."

பெங்களூரில் பஸ், ஆட்டோ, லேத் எல்லாவற்றிலும் பூஜை மாலை வாடி உதிரும்வரை தொங்கும். ஜரிகை மாலை வாடாது என்பதை இங்கே யாரும் யோசிக்கவில்லை.

"சாமி மாலையால கெடுதல் வருமா? என்னய்யா பேச்சு இது!" என்றார் மேனேஜர்.

"சாமியை யாரு சொன்னா? நைலான் சுத்திக்கிட்டு ஆயில் சீலை அறுத்துடுச்சு. பாருங்க." எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை அவர் மூக்கருகே நீட்டினான். உள்விளிம்பு கத்தி பட்டதுபோல் கிழிந்திருந்தது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மேல கேட்டா சீல் பழசுன்னு சொல்லிடுங்க. நோயல் வேலையில இருக்கட்டும். ஆயித்து, முடிஞ்சுது."

அமல் நோயலைப் பார்த்தான். நோயல் கண்ணாலேயே கெஞ்சினான்.

"பழசு," என்றான் அமல், காறித் துப்புவதுபோல.

நோயல் ஓடிப்போய் மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டான். அன்று அங்கே நான் பார்த்ததிலேயே அதுதான் அசிங்கம்.

புது சீல் போட்டு, எண்ணெய் ஊற்றி, மோட்டாரைப் படகில் திரும்ப மாட்டினார்கள். அமல் கைக்கு மூன்றாம் முறையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, மேனேஜர் அந்த நூல் கற்றையை இரண்டு விரலால் தூக்கினார். "சாமிக்குப் போட்டதைக் குப்பையில போடக் கூடாது." சொல்லிக்கொண்டே படகின் பின்னால் தண்ணீரில் வீசினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு டிக்கெட் அறைக்குப் போய்விட்டார்.

ஜரிகை மிதந்து மிதந்து புரொப்பெல்லரை நோக்கிப் போனது.

நோயல் பேன்ட்டை மடித்துக்கொண்டு அந்தச் சாக்கடையில் தொடையளவு இறங்கினான். கற்றையைப் பிடித்துப் பிழிந்தான். மேனேஜர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப்பையில் திணித்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.