வண்டிக்குப் போட்ட எர்த்

காசிக்குப் போகிற அளவுக்கு எனக்குப் பக்தி ஒன்றும் இல்லை. அதுவரை நான் வடக்கே விஜயவாடாவைத் தாண்டியதில்லை, அவ்வளவுதான். திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் முதலாளி ஒருவர், பட்டாளம் கழித்துப்போட்ட லாரியை ஏலத்தில் எடுத்து, அதன்மேல் தேக்குப் பலகையால் ஒரு வீடே கட்டிவிட்டார், அதிலேயே படுத்து எழுந்து காசிக்குப் போகப்போகிறார், கரண்டு வேலை தெரிந்த ஆள் தேடுகிறார் என்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேள்விப்பட்டேன். அன்றைக்கே போய் நின்றேன். என் படிப்பு ஆறாவதோடு சரி. கரண்டு வேலை ஒரு டூரிங் கொட்டகையில் ஷாக் வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டது.

வண்டிக்குள் மூன்று படுக்கைப் பலகைகள். முதலாளிக்கு ஒன்று, அவர் மனைவி பெரிய ஆச்சிக்கு ஒன்று. டிரைவர் முன்சீட்டில் படுத்துக்கொள்வார். மூன்றாவது பலகையைத் தட்டிக் காட்டினார் முதலாளி.

"இது ஒனக்கு. ஆனா ஒண்ணு. ஆச்சி ஃபேன் இல்லாமத் தூங்க மாட்டா. போற வழியில சத்திரம், மில்லு, தெரிஞ்சவுக வீடுன்னு கரண்டு வாங்கிக்கிறலாம். மொதல்ல நம்ம வீட்டுலேருந்து இழுத்துக் குடு. பத்து நாள் அவ வண்டியில படுத்துப் பழகட்டும். சரிப்பட்டு வந்தா நீயும் காசிக்கு வார."

கம்பி இழுப்பது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். அந்த வீட்டை நான் அப்போது முழுதாகப் பார்க்கவில்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வண்டி நின்றது பின்வாசலில். அங்கே பக்கத்திலேயே சுவிட்சுப் பெட்டி இருந்தது. ஆனால் அது முதலாளியின் தம்பி பாகம். ஒரே கூரைக்குக் கீழே அண்ணனுக்கு ஓர் அடுப்பு, தம்பிக்கு ஓர் அடுப்பு. தம்பி பினாங்கில் வியாபாரம். அவர் மனைவி சின்ன ஆச்சி மட்டும் பின்கட்டில் இருந்தார்.

"அங்கிட்டுத் தொடாதே. என் பாகத்துலேருந்தே இழு" என்றார் முதலாளி.

அவர் பாகம் முன்கட்டில். மூன்று முற்றம் தாண்டி இழுத்தேன். சாமி அறை வாசலுக்கு மேலே போகக்கூடாது என்றார்கள், கழற்றினேன். கல்யாணங்கள் நடத்துகிற வளவு முற்றத்தில் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றார்கள், மறுபடி கழற்றினேன். நான்கு நாள் ஏணியிலேயே குடித்தனம்.

அதைவிட எர்த்துதான் உயிரை வாங்கியது. வண்டி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டியது. நிற்பதோ ரப்பர் டயரில். உள்ளே எங்காவது கரண்டு கசிந்தால் போக வழியில்லாமல் சட்டம் முழுக்க ஏறி நிற்கும், தொட்டவரைப் பிடிக்கும். அதை மண்ணுக்குள் இறக்க ஒரு செம்புத் தகட்டைப் புதைத்து, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் கொட்டி, அதிலிருந்து சட்டத்துக்கு ஒரு கம்பி கொடுக்க வேண்டும். திருமயம் பக்கத்து மண்ணோ மேலே இரண்டடிதான், கீழே பாறை. மூன்று இடத்தில் தோண்டிக் கடப்பாரை முனை மழுங்கியதுதான் மிச்சம். கடைசியில் சின்ன ஆச்சியின் அடுப்படித் தண்ணீர் ஓடுகிற வாழையடியில் ஆழமாக ஈர மண் கிடைத்தது. எர்த்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சின்ன ஆச்சி அன்று ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை, நானும் காத்திருக்கவில்லை.

தகட்டுக்காகப் பெரிய ஆச்சி ஓட்டை விழுந்த செம்புத் தவலை ஒன்றைக் கொடுத்தார். வெட்டித் தட்டி நிமிர்த்தினேன். அந்த வீட்டில் கரண்டி வரைக்கும் குடும்பத்து விலாசம், அதாவது ஆச்சிகளின் மாமனார் பெயரெழுத்துகள், பொறித்திருக்கும். தகட்டிலும் இருந்தன. மண்ணுக்குள் போவதற்கு எழுத்து இருந்தால் என்ன என்று அரத்தை எடுக்காமல் விட்டேன். எத்தனையோ முட்டாள்தனம் செய்திருக்கிறேன், அதில் இது ஒன்று.

மூன்று நாள் எல்லாம் நன்றாக ஓடியது. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, பெரிய ஆச்சி குறட்டை விட்டார். நான் மனசுக்குள் காசிக்கே போய்விட்டேன். நாலாம் நாள் விடிகாலை ஒரு மழை. வெறுங்காலோடு இறங்கி ஈரத்தரையில் நின்று வண்டியின் கைப்பிடியைப் பிடித்த பெரிய ஆச்சி, "ஆத்தாடி!" என்று அலறிக்கொண்டு இரண்டு கஜம் தள்ளி உட்கார்ந்தார்.

ஓடிப்போய் கரண்டை நிறுத்தினேன். ஃபேனில் ஈரம் ஏறிக் கசிந்திருந்தது. கசிந்தால் மண்ணுக்குப் போயிருக்க வேண்டுமே? வாழையடிக்குப் போனேன். குழி திறந்து கிடந்தது. எர்த்துக் கம்பி அநாதையாகத் தொங்கியது.

சின்ன ஆச்சி அடுப்படி வாசலில் முறத்தோடு நின்றார். முறத்தில் வேப்பிலை, அதன் நடுவே என் தகடு.

"எம் வாசல்ல எதுக்குடா இதப் பொதைச்ச? யாரு சொல்லிப் பொதைச்ச?"

"எர்த்து ஆச்சி. கரண்டுக்கு."

"கரண்டுக்கு உப்பு எதுக்கு? கரி எதுக்கு? எங்க மாமனாரு விலாசம் எதுக்குடா? நேத்து ராத்திரி அன்னவாசல்லேருந்து மந்திரவாதி வந்து பாத்துட்டுத்தான் போனாரு. குடும்பத்தையே கருவறுக்க வச்ச செய்வினைத் தகடாம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த பெரிய ஆச்சி, "ஒன்னையக் கருவறுத்து நான் என்னத்தடி கண்டேன்? எங் கை இன்னும் வெடவெடங்குது, பாரு" என்றார்.

"எங்க வீட்டுக்காரவுக கடல் தாண்டி இருக்காக. தகடு பொதைச்சுக் கெடந்தா எனக்குப் பயமா இருக்காதாக்கா?" என்றார் சின்ன ஆச்சி.

சத்தம் கேட்டு வந்த முதலாளி என்னைப் பார்த்தார். "அந்த எழுத்த அராவித் தொலைக்க ஒனக்கு என்ன கேடு?"

எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அராவினேன். சின்ன ஆச்சி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரியைத் தன் அடுப்பிலிருந்தே கொடுத்தார், உப்பைத் தன் கையாலேயே போட்டார், குழியை மூடும்வரை நகரவில்லை. ஃபேனைக் காயவைத்து மாட்டிக் கரண்டை விட்டேன். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைப் பிடித்துக் காட்டினேன். ஒரு விரலால் தொட்டுப் பார்த்த சின்ன ஆச்சி, அப்புறம் முழுக்கையும் வைத்தார். படியேறினார். மூன்றாவது பலகையில் உட்கார்ந்தார். மெல்லப் படுத்தார்.

"காத்து நல்லாத்தான் வருது" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

சாயங்காலம் வரை இறங்கவில்லை. பெரிய ஆச்சி காபியை உள்ளேயே கொண்டுபோய்க் கொடுத்தார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். இறங்கியதும் பெரிய ஆச்சி முதலாளியிடம் சொன்னார்:

"அவளையும் கூட்டிக்கிட்டுப் போவம். விட்டுட்டுப் போனா, நாம திரும்பி வாரதுக்குள்ள மறுபடி தோண்டிப்புடுவா."

"பலகை மூணுதான இருக்கு?"

"கரண்டு எப்படிக் குடுக்கிறதுன்னுதான் டிரைவர் பாத்துக்கிட்டே இருந்தாரே."

கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இருக்கட்டும் என்று நான்தான் டிரைவருக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

புறப்பட்ட அன்று எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரம் ஏறியது. சின்ன ஆச்சி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏப்பா, எர்த்துக்குத் தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்தணும்னியே, நாங்க வார வரைக்கும் நீ ஊத்துறியா?" என்றார்.

ஒரே ஒரு குடம் ஊற்றினேன். பிறகு திருமயம் வரை நடந்து, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். அது மதுரைக்குப் போகிற பஸ். தெற்கே.