கிளியின் காலில் சாவி

அக்காவின் கிளிக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது அவளை நம்பவைக்க நான் பட்ட பாடு!

"அக்கா, ஓடி வா! கிளி கூட்டுக்குள்ள விழுந்து துடிக்குது!"

"ஓம், நேத்து முட்டை இட்டிச்சு எண்டாய். போடா, உன்ட பகிடியும் நீயும்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆட்களைச் சீண்டுவதில் மட்டும் படிப்பு முடிந்திருந்தது. "அம்மாவாண!" என்று நான் கத்திய கத்தலில்தான் அவள் ஓடிவந்தாள்.

கழுத்து பின்னால் வளைந்து, இறகு அடித்துக்கொண்டு கிடந்தது கிளி. அத்தான் கட்டாருக்குப் போகுமுன் பழக்கிய கிளி. அவர் கூப்பிடுகிற மாதிரியே அவளைப் 'புள்ள' என்று கூப்பிட வீட்டில் இப்போது அது மட்டும்தான்.

"மனே, இரும்பக் குடு, இரும்பு!" என்றா அம்மா. எங்கள் பக்கம் மனிசருக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பார்கள். நான் மோட்டார் சைக்கிள் சாவியைக் கிளியின் காலில் வைத்தேன். இறுக்கிப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கமும் நின்றது.

"பாத்தியா?" என்றா அம்மா.

"இனி இதுக்கு லைசன்ஸ் எடுக்க வேணும்," என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த நாளும் வந்தது. இந்தத் தடவை கால் சாவியைப் பிடிக்கவில்லை. அது கணீரென்று தட்டில் விழ, கிளி இன்னும் மிரண்டு கம்பியில் மோதியது. அடங்கியதும் மாட்டு டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

"வலிப்பு வரக்குள்ள தண்ணி ஊத்தாதீங்க, மூச்சடைக்கும். புடிச்சு அமத்தவும் வேணாம். ஏறி நிக்கிற தடிய எடுத்திட்டு, கீழ துணி விரிச்சு, இருட்டாக்கி விடுங்க. சத்தம் கூடாது."

"சாவி, டொக்டர்?"

"எந்தச் சாவி?"

"ஒண்டுமில்ல."

பின்னேரம் காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, பாலம் கடந்து கொண்டுபோனோம். டொக்டர் கிளியைத் தராசில் நிறுத்தார், கண்ணைப் பார்த்தார், கொத்தும் வாங்கினார்.

"நஞ்சா இருக்கலாம், சத்துக் குறைவா இருக்கலாம், மண்டைக்குள்ள ஏதும் இருக்கலாம். அதெல்லாம் சோதிச்சுப் பாக்க இஞ்ச வசதியில்ல." சொட்டு மருந்து ஒன்று தந்தார்.

"சுகமாகுமா?" அக்கா கேட்டாள்.

"சொல்ல ஏலா, புள்ள."

அந்தப் 'புள்ள'யைக் கேட்டதும் அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இன்று காலை மறுபடியும் வந்தது. நான் டிவியை நிறுத்தி, கூட்டின் மேல் துணியைப் போட்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டா. துணிக்குள் இறகு அடிபடும் சத்தம். தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. அது முடியும்வரை பார்த்திருக்க மட்டும்தான் எங்களுக்கு வேலை.

அக்காவின் கை மடியில் பொத்தியபடி இருந்தது. விரலிடுக்கில் தெரிந்தது, விடிந்ததிலிருந்து நான் தேடிய சாவி.