இரண்டு விளக்கக் கடிதங்கள்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த பிளான்டில், அசெம்பிளி லைனை ஆறு நிமிடம் நிறுத்தியதற்காகச் சூப்பர்வைசர் விளக்கக் கடிதம் கேட்டார். மறுநாள் எனக்கு அஞ்சல்வழி எம்.ஏ.வில் அமெரிக்க இலக்கியத் தேர்வு. தலை முழுக்க அவர்களுடைய விடுதலைப் போர்க்காலத் துண்டறிக்கைகள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, பதில் வேண்டாத கேள்வியில் முடிப்பார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

"என் இடத்தில் நிற்க ஆள் கேட்டேன், வரவில்லை. மறுபடி கேட்டேன், வரவில்லை. மூன்றாம் முறையும் கேட்டேன், வரவில்லை. நாங்கள் மனிதர்கள் இல்லையா?"

சூப்பர்வைசர் படித்துச் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னாம்மா இது, மேடையில பேசற மாரி கீது? சிம்பிளா எழுதிக் குடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சிம்பிளுக்கும் பாடத்தில் ஆட்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் ஆரம்பத்தில் குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர்களுக்கு எழுத்தில் அலங்காரமே ஆகாது. உள்ளதை உள்ளபடி எழுதுவார்கள். அவர் மேசையிலேயே எழுதினேன்.

"எட்டு மணியிலிருந்து மூன்று முறை ஆள் கேட்டேன். சூப்பர்வைசர் அனுப்பவில்லை. பத்து நாற்பதுக்கு லைனை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன்."

இரண்டு தடவை படித்தார். சிரிப்பு போய்விட்டது. எச்.ஆர். அறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அந்த மொத லெட்டரையே குடும்மா."

"கிழிச்சிட்டேன் சார்" என்றேன்.

அது மடித்தபடி என் கம்பெனி ஓவர்கோட் பையில் இருந்தது.