இராக்கம்மா சொன்ன பதில்

டொக்... டொக்... டொக்! அடுத்த வீட்டுக் காம்பராவில் ஆணி அடிக்கும் சத்தம். தேயிலைத் தோட்டத்து லயத்துச் சுவர் அதிர்ந்து இராக்கம்மாவின் தோளில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"அக்கா, பயப்படாதீங்க, செவரு விழாது! எங்க வீட்டுக்காரரு காட்டுக் காவல்காரரான பத்திரத்த மாட்டுறாரு!" என்று சுவருக்கு அப்பாலிருந்து பெரியாயி கூவினாள்.

"மாட்டட்டும், மாட்டட்டும். குடிச்ச வாய்க்கு வந்த வாழ்வு!" என்றாள் இராக்கம்மா.

எதிரே வாங்குப் பலகையில் நிருபன் நெளிந்தார். மரம் நடும் திட்டத்தின் உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவள் கொடுத்த மனுவுக்குப் பதில் சொல்ல, லுணுகலையிலிருந்து மழையில் ஏறி வந்திருந்தார்.

தேயிலை கைவிடப்பட்ட மேல்மலையில் பதினெட்டு வருடம் போஞ்சிக்கொடி போட்டவள் இராக்கம்மா. புருஷன் செத்த பிறகு அந்தப் போஞ்சியும் அங்கே பொறுக்கிய விறகும்தான் அவளுக்கும் மகள் நிஷாந்தினிக்கும் சோறு போட்டன. மகளை உயர்தர வகுப்பு வரை படிக்கவும் வைத்தன.

இரண்டாயிரத்து ஆறில் அந்த மலைக்குத் திட்டம் வந்தது. மரங்கள் காற்றிலுள்ள கரியை இழுத்துக்கொள்ளுமாம். அதற்கு வெளிநாட்டுக் கம்பனி பணம் தருமாம். அங்கே பயிர் செய்தவர்களுக்கும் பங்கு உண்டாம். கணக்கெடுக்க வந்தவர்கள் அதையெல்லாம் சொல்லாமல், "இந்தப் பாத்தி யாருடையது?" என்று மட்டும் கேட்டார்கள்.

"தொரையோட காணிங்க. நான் சும்மா வெறகுக்கு வந்தேன்" என்றாள் இராக்கம்மா.

பேனா பிடித்தவர்களிடம் நிலத்தைத் தன்னுடையது என்றால் தோட்டத்து வேலையாட்களின் பதிவான செக்ரோலில் பேர் வெட்டுவார்கள். லயத்தில் பிறந்த எவருக்கும் அது தெரியும். போதையிலிருந்த பெரியாயியின் புருஷன் ரெங்கசாமி மட்டும், "எல்லாம் எம் மலைதான்டா!" என்று கத்தினான். பங்குக்கும் காவல் வேலைக்கும் உரியவர்களின் பட்டியலில் அவன் பெயர் ஏறியது. தன் பதிலே தன் கழுத்தில் கயிறாக விழும் என்று அந்தப் பேதை அன்று அறிந்தாளா?

"இப்ப சொல்றேன் ஐயா, அது எம் பாத்திதான். பேர் வெட்டினாலும் பரவாயில்ல."

"அம்மா, பட்டியல் வெளிநாட்டுக்குப் போயிட்டுது. இருபது வருசத்துக்கு மாத்தேலாது." நிருபன் தலையைக் குனிந்துகொண்டார். "இனி விறகுக்கும் போகாதேங்கோ. பிடிச்சால் வழக்குப் போடுவினம்."

அடுப்பில் ஈர மிலாறு புகைந்தது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டியபோது விழுந்த குச்சிகள். இனி அவைதான் விறகு.

"இந்தப் பொகைக்கும் அந்தக் கம்பனிக்காரன் ஏதாச்சும் குடுப்பானா ஐயா?"

அவள் சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

அடுப்படி வாசலில் நிஷாந்தினி வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. புகையா, அழுகையா?

"அம்மா, கொழும்பு வீட்டு வேலைக்கு ஆள் கேட்டாங்கல்ல, அந்தப் புரோக்கர வரச் சொல்லுங்க. நான் போறேன்."

"படிப்புடீ..."

"போறேம்மா."

நிருபன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"படி வழுக்கும், பாத்துப் போங்க ஐயா" என்றாள் இராக்கம்மா.

அவர் மழையில் இறங்கி மறையும்வரை பார்த்து நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.