பாசேர் சாமியிடம் தாமீத் கேட்டது

அருவிக்குத் தெற்கே, நைல் ஆற்றின் எங்கள் கரையில், தாமீத்தைப் போலப் படகு தள்ள இன்னொரு ஆள் கிடையாது. தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவள். ஊரார் படகுகளில் தண்ணீர் இறைத்து, கூலியாகக் கிடைத்த பார்லியில் வயிறு வளர்த்து, கடைசியில் சொந்தப் படகே கட்டினாள். எங்களைப் போலக் கையை ஊன்றி எழுந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். படகைக் காட்டித்தான் பாசேரைக் கட்டிக்கொண்டாள் என்று ஊர் கேலி பேசும். அவளும் ஆமாம் என்பாள்.

வெள்ளம் ஏறிய ஒரு காலையில் பாசேர் பாறை இடுக்கில் தவறி விழுந்தான். ஆறு அவனை இழுத்துப் போய்க் கீழ்மணலில் ஒதுக்கியது. தாமீத் ஓடி வருவதற்குள் ஊரே அங்கே மண்டியிட்டிருந்தது. எங்கள் ஊர் வழக்கில், ஆறு எடுத்தவன் மனிதன் இல்லை, சாமி. ஆற்றுக் கோயில் பூசாரிகளைத் தவிர, பெற்றவள்கூட அவனைத் தொடக் கூடாது.

"விடுங்க! வயிறு அசையுது!" என்று கத்தினாள்.

அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தவன் பாக்னும் என்பவன், பாசேரின் கூட்டாளி. "அலைதான் அசைக்குது தங்கச்சி. தொட்டுக் கெடுத்துராத. நம்மூருக்குன்னு ஒரு சாமி வந்திருக்கு."

"உன் பொண்டாட்டி கிடந்தா இப்படிப் பேசுவியா?"

அவன் பிடியை விடவில்லை. ஆற்றுக் கோயில் இருந்த தீவிலிருந்து பூசாரிகளின் படகு வந்து சேர்ந்தபோது பாசேரின் வயிறு அசையவில்லை.

பாசேருக்குக் கல்லில் கோயில் எழும்பியது. பிள்ளை வரம் கேட்டு எங்கெங்கிருந்தோ வந்தார்கள். "சாமி சம்சாரம்" என்று பெண்கள் தாமீத்தின் காலைத் தொடுவார்கள். அவள் காலை இழுத்துக்கொள்வாள். துடுப்பை நீரில் வைத்தால் அந்த வயிறுதான் கண்ணில் நிற்கும்.

திருநாளில் சாமி சிலையைச் சிறு படகில் வைத்து, முன்னும் பின்னும் கம்பு கட்டித் தோளில் தூக்கி வருவார்கள். யாரும் எதுவும் கேட்கலாம். படகு முன்னே வந்தால் ஆமாம், பின்னே போனால் இல்லை. வருஷா வருஷம் வெங்காயமும் பார்லிக் கள்ளும் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவள், அந்த வருஷம் நடுத்தெருவுக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் ஒருத்தி தன் பசு சினையா என்று கேட்டிருந்தாள். சாமி நின்று யோசித்து, ஆடி அசைந்து முன்னே வந்திருந்தது.

"ஏங்க, நான்தான்," என்றாள் தாமீத். "அன்னிக்கு மணல்ல கிடந்தப்ப உங்களுக்கு உயிர் இருந்துச்சா?"

கேட்டு முடிப்பதற்குள் படகு விருட்டென்று பின்வாங்கியது. பின்னால் தூக்கியவர்கள் தடுமாறி விழப் பார்த்தார்கள்.

"இல்லைன்னு சாமியே சொல்லிருச்சு. இனியாவது மனச ஆத்திக்கம்மா," என்றார் பூசாரி.

அவள் சிலையைப் பார்க்கவில்லை. முன்கம்பைத் தூக்கியிருந்த பாக்னுமைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"மாட்டுக்கு அவ்வளவு யோசிச்ச சாமி எனக்கு மட்டும் ஏன் ஓடுது? நீ தள்ளுன அண்ணே. கம்ப இறக்கு. வேற ஆள் தூக்கட்டும், மறுபடி கேக்கிறேன்."

பாக்னும் கம்பிலிருந்து தோளை உருவிக்கொண்டான். அந்த இடத்துக்கு வர ஒருவரும் அசையவில்லை. அன்று மணலில் மண்டியிடாத ஆண்பிள்ளை அந்தத் தெருவில் யாருமே இல்லை.