கர்ஜத் கொடுவாவுக்கு ஆறடி ராட் போதும்

சென்ற அக்டோபரில் அண்ணன் ஜெபராஜ் ஃபோன் செய்து, “ஏட்டி, தூண்டி ராடு, ரீலு எல்லாத்தையும் நீயே எடுத்துட்டுப் போயிரு. வீட்ல சும்மா எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு” என்றான். நான் செம்பூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

அண்ணன் தாராவியில் தோல் பைப் பட்டறையில் முப்பது வருடம் கட்டிங் வேலை பார்த்தவன். இப்போது டோம்பிவிலியில் இருக்கிறான். போன வருட மழையில் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது தோள்பட்டை முறிந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை மார்புக்கு மேல் எழவில்லை. பட்டறை வேலையை விட்டபோதுகூட அவன் அலட்டிக்கொள்ளவில்லை. தூண்டிலைக் கொடுத்துவிடுகிறேன் என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. இப்படியே விட்டால் இந்த மனுஷன் தன்னையே மூட்டை கட்டி மூலையில் வைத்துவிடுவான். எப்படியாவது ஒரு தடவை அவன் கையாலேயே மீன் பிடிக்க வைக்க வேண்டும். இந்தப் பயணத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

யூட்யூபில் அமெரிக்கர்கள் ஏரிகளில் பிடிக்கும் பாஸ் மீன் நம் பக்கத்தில் கிடையாது. அதற்கு ஈடாக நமக்கு இருப்பது கொடுவா. மராத்தியில் ஜிதாடா என்பார்கள். கழிமுகத்து மீன்தான், ஆனாலும் நன்னீர்க் குளத்தில் விட்டாலும் கொழுகொழுவென்று வளரும். பாய்ந்து வந்து இரையை அடிக்கும், தண்ணீரை விட்டுத் துள்ளித் தலையை உதறும். பாஸுக்கு விற்கும் ராடும் ரீலும் இதற்குப் பொருந்தும். கர்ஜத் பக்கம் கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடும் ஒரு குளம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். “உன் சாமானையெல்லாம் அந்தக் குளத்துக்காரருக்கே கொடுத்திரலாம், அவருக்கு உபயோகப்படும்” என்று அண்ணனிடம் சொன்னேன். இப்படி ஒரு பொய் சொல்லாவிட்டால் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டான்.

அவனுக்குத் தெரியாமல் மஸ்ஜித் பந்தர் பக்கத்துக் கடை ஒன்றில் புது ராட் வாங்கினேன். வீடியோக்களை எல்லாம் பார்த்து மண்டையை நிரப்பிக்கொண்டு போயிருந்தேன். நீளமான ராட் என்றால் தூரமாக விழும், நீளமான பிடி என்றால் இரண்டு கையாலும் வீசலாம், தோளுக்கு வேலை குறையும் என்பது என் கணக்கு. ஏழடி, நல்ல முரடு, நாலாயிரத்து இருநூறு ரூபாய். என்னிடம் ஏற்கெனவே ஒரு ஆறடி ராட் உண்டு. இரண்டாகக் கழற்றலாம், நடுத்தர வலு, நுனி மட்டும் வளையும். அலுவலகப் பைக்கு அருகில் வைத்தால் குடையா என்று கேட்பார்கள். அதையும் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களை நிறுத்திவைக்கும் மெகா பிளாக்கில் மாட்டினால் மீனுக்குப் பதில் தண்டவாளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் புதன்கிழமை போனோம். நான் செம்பூரிலிருந்து குர்லா வந்து, ஆறு மணியை ஒட்டிய கர்ஜத் லோக்கலில் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய்க்குள். நகரத்துக்கு எதிர்த்திசை என்பதால் உட்கார இடம் கிடைக்கும். ராடைக் கழற்றி உறையில் போட்டே கொண்டுபோங்கள். கார்பன் ராடை மின்கம்பிக்குக் கீழே பிளாட்பாரத்தில் நிமிர்த்திப் பிடிப்பது விளையாட்டு இல்லை.

டோம்பிவிலியில் அண்ணன் ஏறினான், தோளில் பழைய ரெக்ஸின் பையோடு. அது அவனே தைத்தது. உள்ளே அவன் ரீல்கள், லூர் எனும் போலி இரைகள் போட்ட டப்பா எல்லாம் இருந்தன. மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் மாட்டுங்காவில் வாங்கிய பொடி போட்ட ஃபில்டர் காபியை ஃப்ளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தான்.

“பவாய் ஏரிலேருந்து வந்து மாட்டுங்கால எறங்குவோம்லா, ஞாபகம் இருக்கா? மீன் நாத்தத்தோட ஓட்டலுக்குள்ள போனா அந்த வெயிட்டர் மூஞ்சியச் சுளிப்பான்.”

“நீதான் கையக் கழுவாமப் போவ” என்றேன்.

ஞாபகம் இல்லாமல் என்ன? தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திண்டாட வேண்டும். அண்ணன் முதல் சம்பளத்தில் சோர் பஜாரில் ஒரு பழைய ராட் வாங்கி வந்தான். லூர் வாங்கக் காசில்லாமல் நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டிக்கொண்டு, கோடியில் ஒரு டால்டா டின் மூடியை வைத்து, இரண்டு பேரும் மாறி மாறிக் குறி பார்ப்போம். தலைக்கு மேலே கேபிள் வயர், அதற்குக் கீழே ஊரார் துணி. கையைத் தூக்கினால் யாராவது ஒரு அக்காவின் பாவாடை நூலோடு வரும், அவரும் கூடவே வருவார். அதனால் முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, இடுப்புக்குக் கீழிருந்து மணிக்கட்டால் மட்டும் சுண்டி விடுவோம். நட்டு தரையை ஒட்டிப் பறந்து போய் மூடியில் டங்கென்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன். அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றை அந்த வயதில் நான் அறிந்ததில்லை.

பவாய் ஏரிக்குப் போனபோது மற்றவர்கள் கோலைத் தலைக்கு மேல் சுழற்றி அழகாக வீசினார்கள். நாங்கள் சுண்டுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ரோஷப்பட்டு அவர்கள் மாதிரி வீசப் பழகிக்கொண்டேன். அண்ணனும் பிறகு மாறிவிட்டான்.

கர்ஜத் ஸ்டேஷனிலிருந்து குளம் பதினோரு கிலோமீட்டர். தனி ஆட்டோ முன்னூறு ரூபாய். ஷேர் ஆட்டோ ஆளுக்கு ஐம்பதுதான், ஆனால் நிரம்பும்வரை நகராது. ராட் ஒன்றுக்கு அரை நாளைக்கு ஆயிரம் ரூபாய், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கிவிடச் சொல்கிறார்கள். குளத்துக்காரர் மராத்திக்காரர், வெற்றிலை மென்றபடியே பேசுபவர். அண்ணன் பையைத் திறக்குமுன் நான் ஏழடி ராடை உறையிலிருந்து உருவி அவனிடம் நீட்டினேன்.

“இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?” என்றான். கோபம் இல்லை. ராடைத் தடவிப் பார்த்தான், நூல் செல்லும் வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். நெஞ்சு மட்டத்தில் கை நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வீசினான். லூர் பத்தடி தள்ளிப் பொத்தென்று விழுந்தது. இன்னொரு தடவை வீசினான், நூல்தான் சுற்றிக்கொண்டது. ராடை வரப்பில் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தான்.

“முடிஞ்சிது ஏட்டி. நீ போடு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

முகத்தைக் காட்டாமல் என் ஆறடியை எடுத்துக்கொண்டு நடந்தேன். குளத்தின் மூலையில் பம்புக் குழாய் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நுரையில்தான் கொடுவா அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் நீர்க்காகம் வராமல் இருக்க அந்த மூலை முழுக்க ஆள் உயரத்தில் நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தார்கள்.

“வஹா மத் டாலோ, தாயி. சப் லோக் ரஸ்ஸீ மே அட்கா தேத்தே ஹை” என்றார் குளத்துக்காரர். எல்லாரும் கயிற்றில் மாட்டிவிடுவதால் அங்கே வீசாதே என்று எச்சரிக்கை.

நான் கேட்கவில்லை. பக்கவாட்டில் வீசினேன், கயிற்றில் மாட்டியது. குனிந்து வீசினேன், மறுபடியும் மாட்டியது. அண்ணனால் மரத்தடியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“ஏட்டி, என்ன பண்ற நீ? சுண்டு! கைய எதுக்குத் தூக்குற? நம்ம சந்துல வீசுற மாரி சுண்டு!”

“மறந்து போச்சுண்ணே.”

“மறக்குமாட்டி அது? கொண்டா இங்க!”

வெடுக்கென்று என் கையிலிருந்து ராடைப் பிடுங்கினான். முழங்கை விலாவில் ஒட்டியது. நுனி தண்ணீரைப் பார்த்துத் தாழ்ந்தது. ஒரே சுண்டு. லூர் கயிற்றுக்கு ஒரு முழம் கீழே நேர்கோடாகப் பறந்து குழாய் வாயருகே விழுந்தது. தோள் அசையவே இல்லை. அவனே தன் கையைக் குனிந்து பார்த்தான்.

மூன்றாவது சுண்டில் மீன் அடித்தது. ரீல் கிரீச்சிட்டது. “இருக்குட்டி, இருக்கு!” என்று கத்தினான். அந்தக் குரலை நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை. மீன் துள்ளியபோதெல்லாம் ராடைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தினான். கொடுவாவுக்கு அதுதான் சரியான வழி, உயர்த்தினால் தலையை உதறிக் கொக்கியைத் துப்பிவிடும். உயர்த்த முடியாத கைக்கு ஏற்ற மீனாகத்தான் வந்திருக்கிறது. இடது கையால் ரீலைச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டான். மூன்று கிலோ இருக்கும், வெள்ளிப் பாளம். குளத்துக்காரர் கவ்வியால் வாயைப் பிடித்துத் தூக்கி, “க்யா ஹாத் ஹை, காகா!” என்றார். என்ன கை என்று அவர் வியந்ததும் அண்ணன் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வை என்றான். நானும் வியர்வை என்றே வைத்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது. ராட் வாங்குமுன் அதைப் பிடிக்கப்போகும் ஆளைப் பாருங்கள், வீடியோவைப் பார்க்காதீர்கள். குளத்துக்கு ஆறடி போதும். ஸ்பின்னிங் ரீலில் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று எண் போட்ட அளவு, கைப்பிடியை இரு பக்கமும் மாற்ற முடிவதாக இருக்கட்டும். இருபது பவுண்டு தாங்கும் பின்னல் நூல், நுனியில் இரண்டடிக்கு லீடர் எனும் தடித்த நூல் கட்டாயம், ஏனென்றால் கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி நூலை அறுக்கும். லூர் கடையையே அள்ளிக்கொண்டு போக வேண்டாம். வாலாட்டும் ரப்பர் மீன் ஒன்று பத்து கிராமில், காலை வெளிச்சத்துக்குத் தண்ணீர்மேல் மிதந்து சத்தம் போடும் ஒரு பாப்பர், அவ்வளவுதான். தண்ணீர் கலங்கியிருந்தால் பளிச்சென்ற நிறம், தெளிந்திருந்தால் மீன் நிறம். நல்ல வெயில் காலத்தில் போங்கள், குளிரில் இந்த மீன் சோம்பேறி.

திரும்பும்போது பத்லாப்பூரிலேயே வண்டி நிரம்பிவிட்டது. டோம்பிவிலியில் கூட்டத்தோடு அண்ணனை வெளியே தள்ளிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோளில் அந்த ரெக்ஸின் பை அப்படியே இருந்தது. குளத்துக்காரரிடம் கொடுக்கும் பேச்சையே அவன் எடுக்கவில்லை. கக்கத்தில் என் ஆறடி ராடும் இருந்தது.

“அண்ணே, அது என் ராடு!”

வண்டி நகர ஆரம்பித்தது. அவன் கூடவே நாலெட்டு நடந்து வந்தான்.

“அந்த ஏழடிய நீ வெச்சிக்கோட்டி. ஒனக்குத்தான் கை நல்லாத் தூக்க வருதுல்லா!”